கள்ளு வினாகிரியாகும் கதை: அச்சாறு போடுவோம், கசிப்பைத் தள்ளுவோம்



தீபாவளி, பொங்கல், மாரியம்மன் திருவிழா என்று வந்தால் நம்ம லயங்களில் இரண்டு போத்தல்கள் தலைகாட்டும். ஒன்று அம்மாமார் போட்டு வைக்கிற அச்சாறுப் போத்தல். மற்றது, யாரோ எங்கோ காய்ச்சி, சத்தமில்லாமல் கைமாறி வருகிற கசிப்புப் போத்தல். முதலாவது சோற்றுக்குத் துணை. இரண்டாவது வந்த பிறகு அதற்கும் இதுவே துணையாகிவிடுகிறது. ஒரு வாய் கசிப்பு, ஒரு கடி அச்சாறு என்று உட்காருகிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இந்த இரண்டு போத்தலும் உண்மையில் ஒரே வேரிலிருந்து வந்தவை. இனிப்பு புளித்தால் மதுவாகிறது, மது புளித்தால் வினாகிரியாகிறது. எந்த இடத்தில் நிறுத்துகிறோம், எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் நன்மையும் தீமையும் இருக்கிறது. அதைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இதை வீட்டிலுள்ள பெரியவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

1. மன்னார்ப் பனையிலிருந்து தொடங்குவோம்

மன்னாரிலிருந்து மதவாச்சிக்குப் போகிற பெரிய வீதியில், முருங்கன் வருமுன்னே உயிலங்குளம் என்ற ஊர் இருக்கிறது. வயலும் குளமுமான ஊர். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தக் காலத்தில் சோதனைச் சாவடி இருந்த இடம் என்று பலருக்கு ஞாபகம் இருக்கும். நமக்கு அந்தப் பாதை இன்னொரு வகையில் சொந்தம். தலைமன்னாரிலும் அரிப்பிலும் வந்து இறங்கிய நம்ம பாட்டன் பூட்டன்மார் காடு வழியாக மாத்தளைக்கு நடந்து போனது இந்த மன்னார் மண்ணிலிருந்துதான். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த நடையை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் மலையக மக்கள் திரும்பவும் நடந்தார்கள். 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையை விட்டுப் போன நம்ம சனங்களில் பலர் வன்னியிலும் மன்னார்ப் பக்கத்திலும் குடியேறி இன்று அங்கேயே வாழ்கிறார்கள்.

மன்னார்த் தீவிலும் எதிர்க்கரையிலும் பனைமரம்தான் ஏழைக்குக் கற்பகதரு. சீவல் தொழிலாளி காலையும் மாலையும் மரமேறி, பாளையைச் சீவி, முட்டி கட்டிச் சாறு இறக்குகிறார். அந்தச் சாறு முட்டியில் சேரும்போதே மூன்று வழிகள் திறக்கின்றன.

முதல் வழி: முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காது. அதுதான் கருப்பநீர். தமிழ்நாட்டில் பதநீர் என்பார்கள். குடிக்கலாம், காய்ச்சினால் பனங்கட்டியாகும்.

இரண்டாவது வழி: சுண்ணாம்பு தடவாவிட்டால், காற்றிலும் முட்டியிலும் இருக்கிற நொதிகள் சாற்றின் சீனியைத் தின்று மதுசாரமாக மாற்றும. சில மணித்தியாலத்துக்குள்ளேயே நுரை தள்ளத் தொடங்கும். ஒரு நாளில் அது கள்ளு. கள்ளில் நூற்றுக்கு 4 முதல் 6 பங்கு வரை மதுசாரம் இருக்கும்.

மூன்றாவது வழி: கள்ளை அப்படியே காற்றுப்படும்படி விட்டுவிட்டால் இன்னொரு வகை நுண்ணுயிர் வந்து வேலை தொடங்கும். அது மதுசாரத்தைப் புளிப்பாக, அதாவது அசற்றிக் அமிலமாக மாற்றும். அதுதான் வினாகிரி. பழைய ஆட்கள் இதைக் காடி என்பார்கள்.

கள்ளை வடித்துச் சாராயமாக்குவது வேறு வேலை. அதற்கு அனுமதி பெற்ற வடிசாலை வேண்டும். வடமராட்சியின் திக்கம் வடிசாலை பனஞ்சாராயத்துக்குப் பெயர் போனது. வீட்டிலோ காட்டிலோ மது காய்ச்சுவது 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். உயிருக்கு வருகிற ஆபத்தை 4ஆம் பகுதியில் பார்ப்போம்.

2. கள்ளு எப்படி வினாகிரியாகிறது?

மதுசாரத்தை வினாகிரியாக்கும் நுண்ணுயிருக்குக் காற்று கட்டாயம் வேணும். அதனால் கரையோரத்தில் வினாகிரி போடுகிறவர்கள் மண்சாடியின் வாயை இறுக்கி மூடமாட்டார்கள். மெல்லிய துணியால் கட்டி, வெயில் படாத மூலையில் வைப்பார்கள். சில நாட்களில் மேலே பாலாடை மாதிரி ஒரு படை கட்டும். அது அழுக்கல்ல. அதுதான் வினாகிரியின் தாய். அதைக் கலைக்கக் கூடாது.

மன்னார் வெயிலில் ஒன்று தொடக்கம் மூன்று மாதத்துக்குள் வினாகிரி முற்றிவிடும். நுவரெலியா போன்ற குளிர்ப் பகுதியில் அதே சாடிக்கு இன்னும் கூடுதலான காலம் எடுக்கும். குளிரில் நுண்ணுயிர் மெதுவாகத்தான் வேலை செய்யும். முற்றியதும் வடிகட்டி, இலேசாகச் சூடாக்கி, போத்தலின் கழுத்து மட்டும் நிரப்பி இறுக்கி மூடவேண்டும். காற்று உள்ளே இருந்தால் நாளடைவில் புளிப்பும் போய்விடும்.

ஒரு கணக்கைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. கள்ளில் 5 பங்கு மதுசாரம் இருந்தால், வீணாகாமல் முழுவதும் மாறினால், ஏறக்குறைய 5 பங்கு அமிலம் கிடைக்கும். ஆனால் வீட்டுச் சாடியில் முழுவதும் மாறாது, கொஞ்சம் ஆவியாகியும் போகும். ஆகவே வீட்டு வினாகிரியின் காரத்தை நாக்கால் மட்டும் நிச்சயிக்க முடியாது. கறிக்கும் சம்பலுக்கும் அதைப் பாவிக்கலாம். பல கிழமைகள் வைத்துச் சாப்பிடப் போகிற அச்சாறுக்கு, அமிலம் 4 வீதம் அல்லது கூட என்று எழுதப்பட்ட போத்தல் வினாகிரியே பத்திரமானது. தென்னங்கள்ளு வினாகிரி கடைகளில் கிடைக்கும். புளிப்புக் குறைந்தால் கிருமி வளரும். அச்சாறு காய்கறியைக் காப்பாற்றுவது அந்தப் புளிப்பினால்தான்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இறப்பர் பால் உறைய வைக்கிற அமிலத்தைத் தண்ணீர் கலந்து வினாகிரி என்று சிலர் மலிவாக விற்பதுண்டு. தேயிலையோடு இறப்பரும் உள்ள தோட்டங்களில் இது மிகவும் கவனிக்க வேண்டிய விசயம். அது தொழிற்சாலைச் சாமான். சாப்பாட்டில் சேர்க்கவே கூடாது. தொண்டையையும் குடலையும் வெந்து போகச் செய்யும்.

3. அச்சாறு போடும் முறை

கரட்டும் போஞ்சியும் நம்ம மலையில் விளைகிறது. சின்ன வெங்காயமும் மிளகாயும் வடக்கிலிருந்து வருகிறது. உப்பு மன்னார், ஆனையிறவு உப்பளங்களிலும் விளைகிறது.

தேவையான சாமான்கள்:
சின்ன வெங்காயம் 250 கிராம்
கரட் 200 கிராம்
போஞ்சி 200 கிராம்
பச்சை மிளகாய் 100 கிராம்
வினாகிரி 1 போத்தல் (750 மி.லீ.)
கடுகு 2 மேசைக்கரண்டி
பூண்டு 6 பல்
இஞ்சி ஒரு விரல் நீளத் துண்டு
மிளகு 1 தேக்கரண்டி
மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி
சீனி 2 மேசைக்கரண்டி
உப்பு 1 மேசைக்கரண்டி

செய்முறை:

(அ) வெங்காயத்தை உரித்து முழுசாக வைத்துக்கொள்ளுங்கள். கரட்டையும் போஞ்சியையும் விரல் நீளத்துக்கு வெட்டுங்கள். மிளகாயைக் காம்போடு நடுவில் கீறுங்கள். எல்லாவற்றையும் கழுவி, துணியில் பரப்பி ஈரம் உலர விடுங்கள். ஈரம் இருந்தால் வினாகிரி தண்ணியாகிவிடும்.

(ஆ) வினாகிரியிலிருந்து கால் கோப்பை எடுத்து, அதை விட்டுக் கடுகு, பூண்டு, இஞ்சி, மிளகு ஆகியவற்றை அம்மியில் அரைத்து எடுங்கள். தண்ணீர் விட்டு அரைக்க வேண்டாம்.

(இ) மிச்ச வினாகிரியை உப்பு, சீனி, மஞ்சளோடு மண்சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ கொதிக்க வையுங்கள். அலுமினியச் சட்டி வேண்டவே வேண்டாம். புளிப்பு அலுமினியத்தைத் தின்று சாப்பாட்டில் கலந்துவிடும்.

(ஈ) கொதிக்கிற வினாகிரியில் முதலில் போஞ்சியை இரண்டு நிமிடம் போட்டு எடுங்கள். பிறகு கரட், கடைசியாக வெங்காயமும் மிளகாயும், ஒரு நிமிடம் போதும். வேக விடக் கூடாது, கடிக்கும்போது நறுக்கென்று இருக்க வேண்டும்.

(உ) அரைத்த கூட்டைக் காய்கறியோடு பிரட்டி, கொதிநீரில் கழுவிக் காயவைத்த கண்ணாடிப் போத்தலில் போட்டு, காய்கறி மூழ்கும்வரை சூடான வினாகிரியை ஊற்றுங்கள். ஆறியதும் மூடுங்கள்.

மூன்று நாள் கழித்து எடுத்தால் காரமும் புளிப்பும் காய்க்குள்ளே இறங்கியிருக்கும். எடுக்கும்போது காய்ந்த கரண்டி பாவியுங்கள். பூஞ்சணம் பிடித்தாலோ, மூடி உப்பி வந்தாலோ, கெட்ட வாடை அடித்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். சுவைத்துப் பார்க்கவும் வேண்டாம்.

போத்தல் பற்றியும் ஒரு வார்த்தை. புல்லெண்ணெய், கிருமிநாசினி வந்த கலன்களை எத்தனை தரம் கழுவினாலும் சாப்பாட்டுக்கோ தண்ணீருக்கோ பாவிக்கக் கூடாது. பிளாஸ்டிக்கில் ஊறிய நஞ்சு புளிப்புப் பட்டால் வெளியே வரும்.

4. கசிப்பு ஏன் நஞ்சாகிறது?

சிலர் கேட்பார்கள்: "எங்க தாத்தா காலத்துல இருந்து காய்ச்சிக் குடிக்கிறோம், எல்லாருமா செத்துப் போனாங்க?" நியாயமான கேள்விதான். பதிலைச் சரியாகத் தெரிந்துகொள்வோம்.

சீனியைப் புளிக்க வைத்து வடிக்கிறபோது இயல்பாக வருகிற மெதனோல் கொஞ்சம்தான். கூட்டம் கூட்டமாக ஆட்கள் சாகிறது பெரும்பாலும் வேறு காரணத்தால். போதை கூட்டவும் இலாபம் பார்க்கவும் தொழிற்சாலை மெதனோலை வாங்கி யாரோ கலந்துவிடுகிறார்கள். பார்வைக்கும் வாசத்துக்கும் அது சாதாரண மதுசாரம் மாதிரியே இருக்கும். குடிக்கிறவனுக்குத் தெரியாது. விற்கிறவனுக்கே சில நேரம் தெரியாது. நேற்று ஒன்றும் செய்யாத அதே இடத்துச் சரக்கு இன்று கொல்லுவது இதனால்தான்.

2019 பெப்ரவரியில் இந்தியாவின் அசாம் மாநிலத்தில் கோலாகாட், ஜோர்ஹாட் மாவட்டங்களில் நடந்ததை நாம் மறக்கக் கூடாது. செத்தவர்கள் 150க்கும் மேல். அவர்களில் பெரும்பகுதி நம்மைப் போலவே தேயிலைத் தோட்டத் தொழிலாளிகள். கொழுந்து பறிக்கிற பெண்களும் அதில் பலர். 2024 யூன் மாதம் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில், கருணாபுரம் பகுதியில் மெதனோல் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களும் அன்றாடம் கூலிவேலை செய்து பிழைத்த சனங்கள்தான்.

மெதனோல் உடம்புக்குள் போனதும் ஈரல் அதைப் போர்மிக் அமிலமாக மாற்றுகிறது. கண் நரம்பைக் கெடுப்பது அந்த அமிலந்தான். வெறும் 10 மி.லீ., அதாவது இரண்டு தேக்கரண்டி அளவு, ஒரு ஆளின் பார்வையைப் பறிக்கப் போதும். 30 மி.லீ. உயிரையே எடுக்கலாம்.

இதைத் தவிர இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. பழைய பீப்பாய், ஈயம் பற்றவைத்த குழாய், வாகன ரேடியேட்டர் முதலியவற்றில் வடிக்கிறபோது ஈயம் கலக்கும். அடுத்தது, காரம் எவ்வளவு என்று எந்த அளவும் கிடையாது. ஒரு நாள் தண்ணீர் மாதிரி இருக்கும், மறு நாள் அரைக் கிளாசே ஆளைச் சாய்க்கும்.

5. அச்சாறு நஞ்சை முறிக்குமா?

முறிக்காது. இதுதான் இந்தப் பாடத்தின் நடு விசயம்.

"புளிப்பா ஒண்ணு கடிச்சா ஒண்ணும் செய்யாது", "தேசிக்காய் பிழிஞ்சு குடிச்சா வெறி இறங்கிரும்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறோம். புளிப்போ உப்போ காரமோ மதுசாரத்தையும் அழிக்காது, மெதனோலையும் அழிக்காது. அச்சாறு செய்வது வேறு இரண்டு வேலை. ஒன்று, காரமும் புளிப்பும் நாக்கை மறைப்பதால் சரக்கின் கெட்ட ருசி தெரியாமல் போகும். வேறு நேரமென்றால் துப்பியிருக்கக் கூடியதை விழுங்கிவிடுவோம். இரண்டு, உப்பு தாகத்தைக் கூட்டும். தாகத்துக்கு இன்னும் ஒரு கிளாஸ் என்று கை தானாகப் போகும். அச்சாறுத் தண்ணியைக் கசிப்பிலேயே ஊற்றிக் கலந்து குடிக்கிற பழக்கம் இன்னும் மோசம். அதில் எதுவுமே நாக்குக்குத் தெரியாது.

நெருப்பு வைத்துப் பார்த்து, நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்று சொல்வதும் பொய். மெதனோலும் நீலமாகத்தான் எரியும். வீட்டில் செய்யக்கூடிய எந்தப் பரீட்சையும் அதைக் காட்டாது.

முத்திரை போட்ட போத்தலில் இந்த நஞ்சுப் பயம் குறைவு. அதற்காக அது நல்லது என்று அர்த்தமில்லை. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 சனவரியில் அறிவித்தது. கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒரு வாய் கூட வேண்டாம்.

6. யாராவது குடித்துவிட்டால்

மெதனோல் உடனே காட்டிக்கொடுக்காது. குடித்த இரவு சாதாரண வெறி மாதிரிதான் இருக்கும். 12 முதல் 24 மணித்தியாலம் கழித்துத் தலைவலி, வாந்தி, வயிற்று வலி வரும். மூச்சு வேகமாக வாங்கும். பார்வை மங்கும். நல்ல வெயில் நேரத்தில் "பனி மூடியிருக்கு" என்று ஒருவர் சொன்னால் அது மலைப் பனியல்ல. கண் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

செய்ய வேண்டியவை:
- தூங்கினால் சரியாகிவிடும் என்று படுக்க விடாதீர்கள். நடுச்சாமமானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.
- மிச்சமிருக்கிற சரக்கைப் போத்தலோடு கொண்டு போங்கள்.
- கூட இருந்து குடித்த எல்லோரையும், நன்றாக இருப்பவர்களையும் சேர்த்துக் கூட்டிப் போங்கள்.
- வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயங்கிக் கிடந்தால் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள்.
- வேறு சாராயம் கொடுத்தால் முறியும் என்று வீட்டில் முயலாதீர்கள். இதற்கு மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் ஆஸ்பத்திரியில் உண்டு. அதை அளந்து கொடுக்க வைத்தியருக்குத்தான் தெரியும்.
- பொலிசுக்குப் பயந்து ஒளிக்காதீர்கள். குடித்தது என்ன என்று வைத்தியரிடம் உள்ளதைச் சொன்னால்தான் உயிர் தப்பும்.

7. பேர்க் காசும் போத்தலும்

ஒரு சின்னக் கணக்கு. கிழமைக்கு ஒரு பேர்க் காசு கசிப்புக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வருசத்துக்கு 52 பேர். மாதம் 25 நாள் வேலை என்றால், வருசத்தில் இரண்டு மாதத்துக்கும் மேலே அந்த மனிதன் கசிப்புக்காரனுக்குத்தான் உழைக்கிறான். அட்டை கடித்து, மழையில் நனைந்து, கூடை சுமந்த இரண்டு மாதம். அதில் பிள்ளையின் கொப்பியும் சப்பாத்தும் இருக்கிறது, காம்பராவுக்குத் தகரமும் இருக்கிறது. வீட்டுக்கு வீடு இந்தக் கணக்கைக் கரியால் சுவரில் எழுதிப் பார்த்தாலே போதும்.

அதேநேரம், குடிக்கிறவரைச் சபையில் வைத்துத் திட்டுவதால் பயன் இல்லை. முதுகு வலிக்கும் குளிருக்கும் மனக்கவலைக்கும் மருந்தென்று நம்பித்தான் பலர் தொடங்குகிறார்கள். தோட்ட டிஸ்பென்சரியில் அல்லது அரசாங்க ஆஸ்பத்திரியில் பேசினால் உதவி உண்டு. பல வருசம் தினமும் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் கை நடுக்கமும் வலிப்பும் வரலாம். அப்படிப்பட்டவர் வைத்தியரின் மேற்பார்வையில் நிறுத்துவதே நல்லது.

8. திருவிழாவுக்கு ஒரு பானம்

வீட்டுக்கு ஆள் வந்தால் கையில் ஒரு கிளாஸ் கொடுக்க வேணும், அது நம்ம வழக்கம். அதை விட வேண்டியதில்லை, கிளாசுக்குள் இருப்பதை மாற்றினால் போதும். ஊறிய காய்கறித் தண்ணியைக் குடிப்பது உலகத்துக்குப் புதிதல்ல. வட இந்தியாவில் கரட்டையும் கடுகையும் தண்ணீரில் புளிக்க வைத்து காஞ்சி என்று ஹோலிப் பண்டிகைக்குக் குடிக்கிறார்கள். ரஷ்யாவில் உப்பிலிட்ட வெள்ளரித் தண்ணியைக் குடிப்பார்கள்.

ஒரு கிளாசுக்கு:
அச்சாறுத் தண்ணி 1 மேசைக்கரண்டி
தேசிக்காய் பாதி
இஞ்சிச் சாறு 1 தேக்கரண்டி
சீனி அல்லது பனங்கட்டித் தூள் 2 தேக்கரண்டி
கொதித்தாறிய தண்ணீர் 1 கிளாஸ்

எல்லாவற்றையும் கலக்கி வடிகட்டி, ஈர்க்கில் ஒரு அச்சாறு வெங்காயமும் மிளகாய்த் துண்டும் குத்திக் கிளாசில் வையுங்கள். தண்ணீருக்குப் பதிலாக ஆறிய வெறுந்தேத்தண்ணி ஊற்றியும் செய்யலாம், சாயம் அழகாக இருக்கும். மேலே சோடா கொஞ்சம் ஊற்றினால் இளவட்டங்களுக்குப் பிடிக்கும். உப்பு இருப்பதால் பிரஷர் உள்ளவர்களும், வயிற்றுப் புண் உள்ளவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அச்சாறுத் தண்ணி சேர்க்காமல் தேசிக்காய்த் தண்ணியாகக் கொடுங்கள்.

மாதர் சங்கங்கள் கூடிப் பெரிய அளவில் அச்சாறு போட்டால் சிறு வருமானமும் கிடைக்கும். விற்பதாக இருந்தால் முதலில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பேசி, சுத்தம், லேபல் பற்றிய விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நினைவில் வைக்க:
- வினாகிரிக்குக் காற்று வேணும். அச்சாறுக்குப் புளிப்பு வேணும்.
- அலுமினியச் சட்டியும் மருந்துக் கலனும் ஆகாது.
- புளிப்பு நஞ்சை முறிக்காது, மறைக்கும்.
- பார்வை மங்கினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

சங்கக் கூட்டத்தில் பேசிப் பார்க்க:
1. சுண்ணாம்பு தடவிய முட்டிக்கும் தடவாத முட்டிக்கும் என்ன வித்தியாசம்?
2. ஒரே இடத்துக் கசிப்பு ஒரு நாள் ஒன்றும் செய்யாமல் மறு நாள் கொல்லுவது ஏன்?
3. கசிப்போடு அச்சாறு சேரும்போது ஆபத்து கூடுவது எப்படி?
4. இரவு பன்னிரண்டு மணிக்கு உங்கள் லயத்தில் ஒருவர் "கண் தெரியல" என்றால், பெரிய வீதி வரைக்கும் அவரைக் கொண்டு போவது யார், எதில்?

நாலாவது கேள்விக்கு ஒவ்வொரு லயத்திலும் இப்போதே பெயர் குறித்து வையுங்கள். தேவைப்படுகிற இரவில் யோசிக்க நேரம் இருக்காது.